சாமி வரும் வழியில்

2019 ஏப்ரல் 18-ஆம் தேதி மதுரையில் மீனாட்சியம்மன் தேரோட்டம். நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவும் அன்றைக்கேதான். தேரோட்டத்தை முன்னிட்டு மதுரையில் மட்டும் இரவு எட்டு மணி வரை ஓட்டுப் போட நேரம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் கோவையில் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு, மத்தியானம் மதுரை பஸ்ஸில் ஏறினோம். நான், அம்மா, எட்டாம் வகுப்பு முடித்திருந்த என் மகள். மறுநாள் விடியற்காலை கள்ளழகர் வைகையில் இறங்குவதைப் பார்ப்பது, பார்த்த கையோடு பஸ் பிடித்து இரவுக்குள் வீடு திரும்புவது. இதுதான் நான் போட்டிருந்த திட்டம்.

ஆரப்பாளையத்தில் இறங்கும்போது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. போனில் சொல்லி வைத்திருந்த விடுதியில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். முன்பணம் கட்டவில்லை, ரசீது இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நாலைந்து இடம் ஏறி இறங்கி ஒரு அறை கிடைத்தபோது நள்ளிரவு. மூன்று மணிக்கு எழுந்து ஆற்றை நோக்கி நடந்தோம். பாலத்தை நெருங்க நெருங்கக் கூட்டம் இறுகியது. ஒரு கட்டத்துக்குமேல் கால்கள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கூட்டம் தள்ளிய பக்கமெல்லாம் போனோம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மகள் பிடித்திருந்த பிடியில் என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது. எப்படியோ ஓரமாக ஒதுங்கி, ஒரு சந்துக்குள் நுழைந்து, திறந்திருந்த டீக்கடையின் பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து "கோவிந்தா" என்ற முழக்கம் எழுந்தது. கடைக்குள் சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியில் நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிடு தூரத்தில் அழகர் ஆற்றில் இறங்க, நாங்கள் அதைப் பெட்டியில் பார்த்தோம். அம்மா அந்தப் பெட்டியை நோக்கிக் கைகூப்பினார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அம்மா பிறந்தது மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். சிறு வயதில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து அழகரைப் பார்த்தவர். அப்போதெல்லாம் மாட்டு வண்டியில் அரிசி, பருப்பு, அடுப்புக்கட்டி, பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து, தல்லாகுளத்தில் வண்டியை அவிழ்த்துப் போட்டு நாலைந்து நாள் தங்குவார்களாம். டீயை ஆற்றிக்கொண்டே அன்று அவர் சொன்னார்: "நாம் அழகரைத் துரத்திக்கொண்டு போனோம், அதுதான் தப்பு. அவர் வருகிற வழியில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் அப்பா அப்படித்தான் செய்தார்."

அதன் பிறகு நாங்கள் போன திருவிழாப் பயணங்கள் எல்லாம் இந்த ஒரு பேச்சை வைத்துத் திட்டமிட்டவை. நம் ஊர்த் திருவிழாக்களில் பெரியவை பலவற்றில் சாமிதான் பயணம் போகிறார். கோயிலை விட்டு வெளியே வந்து, தெருத் தெருவாக நின்று, ஊருக்கு முகம் காட்டிவிட்டுத் திரும்புகிறார். நமக்கு வேலை, எங்கே நிற்பது என்று முடிவு செய்வதும், அங்கே நேரத்தோடு போய்க் காத்திருப்பதும்தான். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். உச்ச நாள் எது என்று பார்த்து, அந்த ஒரு நாளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, அந்த ஒரு கணத்துக்குள் முண்டியடிக்கிறோம்.

முதலில் தேதி. இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். அழகர் ஆற்றில் இறங்கிய தேதிகளைப் பாருங்கள்: 2022-ல் ஏப்ரல் 16, 2023-ல் மே 5, 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. போன வருஷத் தேதியை வைத்து இந்த வருஷம் லீவு சொல்ல முடியாது. காரணம் சிக்கலானது இல்லை. அழகர் இறங்குவது சித்திரை மாதப் பௌர்ணமியை ஒட்டி. பன்னிரண்டு பௌர்ணமிகள் கழிய ஏறக்குறைய 354 நாள்தான் ஆகும். ஆகவே பௌர்ணமி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அப்படி நகர்ந்து பங்குனிக்குள் விழுந்துவிட்டால் அது சித்ரா பௌர்ணமி ஆகாது. அடுத்த பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டும். 2025-ல் ஏப்ரல் 12-ஆம் தேதி பௌர்ணமி, சித்திரை பிறந்தது 14-ஆம் தேதி. இரண்டே நாள் வித்தியாசத்தில் திருவிழா ஒரு மாதம் தள்ளிப் போனது. வீட்டில் தினசரிக் காலண்டர் கிழிக்கிறவர்கள் இதை ஜனவரியிலேயே கணக்குப் பார்த்துவிடலாம். பிறகு கோயில் நிகழ்ச்சி நிரல் வந்ததும் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

மதுரைக்கு இரண்டு நிகழ்ச்சி நிரல்கள் வேண்டும். சித்திரைத் திருவிழா என்று ஒரே பெயரில் சொன்னாலும் மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஒன்று, அழகர்கோயிலுக்கு ஒன்று. திருக்கல்யாணமும் தேரும் மாசி வீதிகளுக்குள், வைகைக்குத் தெற்கே. அழகர் வருவது வடக்கே, நகரிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலையடிவாரத்திலிருந்து. மாசியில் நடந்துவந்த திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றி, இரண்டையும் ஒட்டி நடக்கும்படி செய்தவர் திருமலை நாயக்கர் என்று மதுரையில் சொல்வார்கள். அழகர் இறங்கும் நாளில் பாலம் வண்டிகளுக்கு மூடப்பட்டுவிடும். தெற்கே அறை எடுத்துவிட்டு வடக்கே வரும் சாமியைப் பார்க்கக் கிளம்பினால் எங்கள் 2019 கதைதான் உங்களுக்கும்.

கொரோனாவால் 2020-லும் 2021-லும் மக்கள் கலந்துகொள்ள முடியாமல் போனது. 2022-ல் மகளுக்குப் பரீட்சை. அந்த ஆண்டு ஆற்றங்கரை நெரிசலில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். செய்தியைக் கேட்ட அன்று அம்மா சாப்பிடவில்லை. "அந்தச் சந்து மட்டும் கிடைக்காமல் போயிருந்தால்..." என்று ஆரம்பித்து அதற்குமேல் பேசவில்லை.

2023-ல் மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. இந்த முறை பிப்ரவரியிலேயே கோரிப்பாளையம் பக்கம் அறை பிடித்தேன். ஒரு நாள் வாடகையை முன்பணமாகக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் முன்பும் முந்தைய நாளும் போன் செய்து, வருகிறோம் என்று நினைவூட்டினேன். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். திருவிழாக் காலத்தில் அறைக்கு மும்மடங்கு வாடகை தர ஆள் வாசலில் நிற்கும்போது, உங்கள் பெயர் விடுதிக்காரர் நினைவில் இருக்க வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு வழியில்லை.

மே 2-ஆம் தேதி திருக்கல்யாணத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். கோயிலுக்குள் உட்கார்ந்து பார்க்கக் கட்டணச் சீட்டு உண்டு; முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் சீட்டு எடுக்கவில்லை. சித்திரை வீதியில் வைத்திருந்த பெரிய திரைக்கு முன்னால் நின்றோம். அங்கே திருமாங்கல்யம் சாத்திய நேரத்தில் வீதியில் இருந்த பெண்கள் எல்லோரும் மஞ்சள் கயிற்றை எடுத்துத் தாலி மாற்றிக்கொண்டார்கள். என்னிடம் கயிறு இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், முன்பின் தெரியாதவர், தன் பையிலிருந்து ஒரு கயிறும் குங்குமப் பொட்டலமும் எடுத்து என் கையில் வைத்து, "முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொள் தாயி" என்றார். அதன் பிறகு சேதுபதி பள்ளியில் திருக்கல்யாண விருந்து. மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டோம். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தது போலவே இருந்தது. மறுநாள் தேரை மேல மாசி வீதி நடைமேடையிலிருந்து பார்த்தோம்.

மே 4. எதிர்சேவை. என்னிடம் யாராவது ஒரே ஒரு நாள்தான் மதுரைக்கு வர முடியும், எந்த நாள் வரட்டும் என்று கேட்டால் நான் இந்த நாளைத்தான் சொல்வேன், ஆற்றில் இறங்கும் நாளை அல்ல. அழகர் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்றுக்கொண்டு, கண்டாங்கிப் பட்டு உடுத்தி, கையில் நேரிக்கம்போடு, கள்ளர் கோலத்தில் தங்கப் பல்லக்கில் வருகிறார். வழியெல்லாம் மண்டகப்படிகள், அதாவது அவர் நின்று பூசை ஏற்கும் இடங்கள், நானூறுக்கும் மேல். மூன்றுமாவடியில் ஊர் எல்லையில் போய் மக்கள் அவரை எதிர்கொண்டு அழைக்கிறார்கள். அங்கிருந்து புதூர், பிறகு தல்லாகுளம் என்று நகர்ந்து நகர்ந்து இரவாகிவிடுகிறது. பல்லக்குக்குப் பின்னால் உண்டியல் வண்டிகள் வரிசையாக வரும்.

நாங்கள் மத்தியானம் முழுக்க அறையில் தூங்கினோம். வெயில் காலத்துத் திருவிழாவுக்கு இது கட்டாயம். பகலில் ஊர் சுற்றிவிட்டு இரவில் கண் விழிக்க அம்மாவால் முடியாது, என்னாலும் முடியாது. மாலை ஆறு மணிக்குத் தல்லாகுளத்தில் ஒரு மண்டகப்படிக்குப் பக்கத்தில், மூடியிருந்த ஒரு கடையின் படிக்கட்டில் பாயை விரித்தோம். அறை அங்கிருந்து பத்து நிமிட நடை. இடத்தை நான் அதை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். பெண்களும் வயதானவர்களும் திருவிழாவில் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறார்கள். குடித்தால் எங்கே போவது என்ற கவலை. தண்ணீர் குடிக்காததால் தலைசுற்றி விழுகிறார்கள். கழிப்பறை எங்கே என்று தெரிந்துகொண்டு அதற்கு நடக்கும் தூரத்தில் நிற்பதுதான் நான் கற்றுக்கொண்டதில் மிகவும் பயன்பட்ட பாடம். நிகழ்ச்சி நிரலில் யாரும் இதை எழுத மாட்டார்கள்.

அங்கே காத்திருந்த ஐந்து மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் சர்க்கரைக் கிண்ணம் தயார் செய்துகொண்டிருந்தது. பித்தளைச் செம்பில் நாட்டுச் சர்க்கரையைக் கட்டியில்லாமல் உதிர்த்து, விளிம்பு வரை அமுக்கி நிரப்பினார்கள். வாழை இலைத் துண்டைத் தணலில் காட்டி வாட்டி, செம்பின் வாயை மூடி, கழுத்தில் நாரால் இறுக்கிக் கட்டினார்கள். வாட்டாத இலை மடித்த இடத்தில் கிழிந்துவிடும் என்று அந்த வீட்டுப் பாட்டி என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மேலே பூச்சரம் சுற்றி, நடுவில் சூடம். அழகர் கண்ணில் படும்போது அதை ஏற்றி, செம்பை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்ட வேண்டும். அவர் போன பிறகு இலையைப் பிரித்து, சுற்றி இருக்கிறவர்களுக்கெல்லாம் சர்க்கரையை அள்ளிக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி, கருப்பசாமி வேஷம் கட்டியவர்கள் தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்ச அவர்கள் நேர்ந்துகொண்டவர்கள். அந்தத் தோலின் வாசனையும் சூடத்தின் வாசனையும் மல்லிகையும் வேர்வையும் கலந்த ஒரு வாசனை அந்தத் தெருவில் இருந்தது.

இரவு பதினொரு மணிக்கு மேல் தெருக்கோடியில் தீவட்டி வெளிச்சம் தெரிந்தது. ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான செம்புகளில் சூடம் பற்றிக்கொண்டது. பல்லக்கு எங்கள் படிக்கட்டுக்கு எதிரே வந்து நின்றது. நாங்கள் இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. அழகரின் முகம், கொண்டை, கன்னத்தில் விழுந்த தீவட்டி நிழல் எல்லாம் தெரிந்தது. அம்மா கைகூப்ப மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அதே முகம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் அழகருக்குத் திருமஞ்சனம் ஆகி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூட்டி, தங்கக் குதிரையில் ஏற்றினார்கள். அழகரின் ஆடைப் பெட்டியிலிருந்து எந்த நிறப் பட்டு வருகிறதோ அதை வைத்து அந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று மக்கள் கணிப்பார்கள். பச்சை வந்தால் விளைச்சல். அந்த ஆண்டு பச்சைதான். விடியும் முன் குதிரை ஆற்றுக்குக் கிளம்பியபோது மகள் கூடவே போக ஆசைப்பட்டாள். அம்மா வேண்டாம் என்றார். ஆற்றுக்குள் வீரராகவப் பெருமாள் வெள்ளிக் குதிரையில் காத்திருந்து அழகரை வரவேற்பார். பார்க்க வேண்டிய காட்சிதான். திடகாத்திரமானவர்கள் நள்ளிரவுக்கு முன்பே போய், வெளியேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டு நின்றால் பார்க்கலாம். குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆறு மணி வாக்கில் தூரத்தில் அதே முழக்கம் கேட்டது. இந்த முறை அதைக் கேட்கும்போது எங்கள் கையில் அந்தப் பாட்டி கொடுத்த சர்க்கரை இருந்தது.

அடுத்த ஆண்டு புரி. மகளின் ஆசை. இங்கேயும் தேதியில்தான் முதல் குழப்பம் வந்தது. ரத யாத்திரை ஆஷாட மாதம் வளர்பிறை துவிதியையில். ஆஷாடம் என்றதும் அம்மா ஆடி என்று நினைத்துக்கொண்டார். அங்கே மாதத்தைச் சந்திரனை வைத்து எண்ணுகிறார்கள். நமக்கு அது பெரும்பாலும் ஆனியில் வந்துவிடும். 2023-ல் ஜூன் 20, 2024-ல் ஜூலை 7, 2025-ல் ஜூன் 27. இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரத யாத்திரைக்குச் சுமார் பதினைந்து நாள் முன்பு, பௌர்ணமியன்று ஜகந்நாதருக்கு 108 குடம் நீராட்டு. குளித்ததில் காய்ச்சல் கண்டுவிட்டது என்று சொல்லி, அதன் பிறகு தரிசனமே கிடையாது. கூட்டத்துக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அந்த நாட்களில் போன எங்கள் தெருக் குடும்பம் ஒன்று மூடிய சன்னிதியைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அந்த நாட்களில் உள்ளூர் மக்கள் பிரம்மகிரியில் இருக்கும் அலர்நாதர் கோயிலுக்குப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

சென்னையிலிருந்து குர்தா ரோடு, அங்கிருந்து புரி. டிக்கெட்டை 120 நாள் முன்பே எடுத்தேன். 2024 நவம்பரிலிருந்து ரயில்வே இதை 60 நாளாகக் குறைத்துவிட்டது. ஆகவே இப்போது அறுபதாம் நாள் காலையில் எட்டு மணிக்கு விழித்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் புவனேஸ்வரத்தில் தங்கிக்கொண்டு வரலாம்; அறுபது கிலோமீட்டர்தான்.

ஜகந்நாதர் கோயிலிலிருந்து தேர்கள் போய்ச் சேரும் குண்டிச்சா கோயில் வரை மூன்று கிலோமீட்டர் நீளம், படா தண்டா என்ற அகன்ற வீதி. சிங்க வாசலுக்கு எதிரேதான் எல்லோரும் நெருக்குவார்கள். சாமிகளை ஆட்டி ஆட்டி நடத்திவரும் பஹண்டியும், புரி மன்னர் தங்கத் துடைப்பத்தால் தேரைப் பெருக்குவதும் அங்கேதான். நாங்கள் அதை விட்டுவிட்டு, வீதியின் நடுப்பகுதியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் இடம் கேட்டு, பணம் கொடுத்து உட்கார்ந்தோம். வழியில் நிற்பது என்ற அதே யோசனை.

அன்று தேர் வரவில்லை.

2024-ல் வழக்கமாக முந்தைய நாட்களில் நடக்கும் சடங்குகளும் ரத யாத்திரையும் ஒரே நாளில் வந்தன. 1971-க்குப் பிறகு அப்படி வந்தது அந்த ஆண்டுதான். எல்லாம் முடிந்து தேர் இழுக்கத் தொடங்கியபோதே மாலை. இருட்டிவிட்டால் தேரை இழுப்பதில்லை, நின்ற இடத்தில் நிற்கும். கொஞ்ச தூரம் நகர்ந்த தேர்கள் அங்கேயே நின்றுவிட்டன. மொட்டை மாடியில் எங்களோடு இருந்த இரண்டு குடும்பங்கள் அன்றிரவே ரயில் ஏற வேண்டியவர்கள். அந்த வீட்டுப் பெரியவர் வந்து, நாளைக் காலை வரும் என்று இந்தியில் சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் ரயில் இரண்டு நாள் கழித்து. எதற்கு அனாவசியமாக இரண்டு நாள் என்று டிக்கெட் எடுக்கும்போது என் கணவர் கேட்டார். மதுரையில் பட்டதை நினைத்து அப்படியே இருக்கட்டும் என்றேன். எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் பின்னால் ஒரு நாள் காலியாக விடுங்கள். சாமிக்கு நம் ரயில் நேரம் தெரியாது.

மறுநாள் வீதியில் நெரிசல் குறைந்திருந்தது. முதலில் பலபத்திரரின் தாளத்வஜம், பதினான்கு சக்கரம். பிறகு சுபத்திரையின் தர்பதளனம், பன்னிரண்டு. கடைசியில் சிவப்பும் மஞ்சளுமாக ஜகந்நாதரின் நந்திகோஷம், பதினாறு. முழுக்க மரம், ஆண்டுதோறும் அட்சய திருதியையில் தொடங்கிப் புதிதாகச் செய்கிறார்கள். தேருக்கு முன்னால் நின்று வெண்கலத் தட்டு அடிக்கிறவர்களின் சத்தம் மாடி வரை அதிர்ந்தது. ஆனால் என் காதில் இன்னும் இருப்பது சக்கரம் உருளும் ஒலிதான். நம் ஊர்த் தேர் வடம் பிடித்ததும் கொடுக்கும் அதே முனகல், அதைவிடப் பல மடங்கு கனமாக. வேர்வையில் நனைந்து நின்ற கூட்டத்தின் மேல் தொண்டர்கள் குழாயில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். மகள் கீழே இறங்கிப் போய் அந்தத் தென்னை நார் வடத்தைத் தொட்டுவிட்டு வந்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. 2025-ல் குண்டிச்சா கோயிலருகே நெரிசலில் மூன்று பேர் இறந்த செய்தியைப் படித்தபோது, அந்த வீதியில் அவளைத் தனியாக இறங்க விட்டதை நினைத்து எனக்குக் கை நடுங்கியது. இன்றைக்கு என்றால் கூடவே இறங்கியிருப்பேன்.

கூட்டத்துக்குள் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போன் வேலை செய்யாது என்று நினைத்துக்கொண்டே கிளம்புங்கள். பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று ஒரு கட்டடத்தைக் காட்டி வையுங்கள். குழந்தை, முதியவர் பையில் விடுதிப் பெயரும் இரண்டு போன் எண்களும் எழுதிய தாள் இருக்கட்டும். நகையை வீட்டில் கழற்றி வைத்துவிடுங்கள். மாத்திரையை ஒருவர் பையில் மொத்தமாக வைக்காதீர்கள்.

2025 மே மாதம் திரிச்சூர்ப் பூரமும் அழகர் திருவிழாவும் ஒரே வாரத்துக்குள் வந்தன: பூரம் 6-ஆம் தேதி, அழகர் இறங்குவது 12. கோவைக்காரர்களுக்குத் திரிச்சூர் பக்கம்தான். முந்தைய நாளே போய், யானைகளுக்கான நெற்றிப்பட்டம், குடை, வெண்சாமரம் எல்லாவற்றையும் காட்சிக்கு வைத்திருந்ததை நிதானமாகப் பார்த்தோம். பூரத்தன்று வடக்குநாதர் கோயிலுக்குள் இலஞ்சி மரத்தடி மேளத்தைக் கேட்கும் அளவுக்கு நெருங்கவே முடியவில்லை. மாலையில் யானைகள் மேல் வண்ணக் குடைகளை மாற்றி மாற்றிப் பிடிக்கும் குடைமாற்றத்தில் தேக்கின்காட்டு மைதானத்தில் பெண்கள் நிற்க எனக்குத் தெரிந்து நல்ல இடம் இல்லை. தூரத்தில் நின்று குடைகளின் நிறம் மாறுவதை மட்டும் பார்த்தோம். அதற்காக வருத்தமும் இல்லை, ஏனென்றால் மறுநாள் பகல் பூரம் இருந்தது. அது உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் பூரம். வெளியூர்க் கூட்டம் கிளம்பிப் போன பிறகு, அதே மேளம், அதே யானைகள். பாறமேக்காவு பகவதியும் திருவம்பாடி பகவதியும் நேருக்கு நேர் நின்று, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று விடைபெற்றுப் பிரிகிறார்கள். யானைகள் தும்பிக்கை உயர்த்துகின்றன. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு திருவிழாவுக்கு நடுவில் நான்கு நாள் வீட்டில் படுத்திருந்ததால்தான் மதுரைக்குப் போக முடிந்தது. அந்த இடைவெளி இல்லையென்றால் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள் என்பேன்.

மதுரையில் இந்த முறை அழகர் ஆற்றில் இறங்கிய பிறகும் தங்கினோம். 2023-ல் அவர் இறங்கிய அன்றே கிளம்பிவிட்டோம். வண்டியூர், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், இராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம் என்று அவருக்கு இன்னும் வேலை இருக்கிறது. மூன்றாம் நாள் இரவுதான் தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கு. பழைய கடைப் படிக்கட்டு அப்படியே இருந்தது. எதிர்சேவை அன்று கால் வைக்க இடமில்லாத தெருவில் அன்று பாய் விரித்துப் படுக்க இடமிருந்தது. பந்தல்காரர்கள் ஒரு பக்கம் கீற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மாநகராட்சிக்காரர்கள் நசுங்கிய வாழை இலைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அம்மா வயதுப் பெண்கள்.

விடியும் முன் பல்லக்கு வந்தது. கருவறையையே பூவில் கட்டி எடுத்து வந்தது போல ஒரு பல்லக்கு. மெதுவாக, அவசரமில்லாமல், ஊரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது போல நகர்ந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி எழுந்து நின்று, சொந்த மகனை வழியனுப்புவது போலக் கையை ஆட்டி, "பத்திரமாகப் போய் வா அய்யா" என்றார். அம்மாவும் கையை ஆட்டினார். பல்லக்கு புதூர்ப் பக்கம் திரும்பிய பிறகும் இருவரும் உட்காரவில்லை. மகள் கீழே விழுந்திருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு துண்டை எடுத்து வந்து இரண்டு பேருக்கும் பகிர்ந்து கொடுத்தாள்.